படிக்கட்டு யன்னலில் ஒரு கீற்றுக் கடல்

வணக்கம் அன்ரி,

அம்மாதான் உங்கள் கட்டுரைகளை எனக்குக் காட்டினார். அம்மாவுக்கும் உங்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது என்பதால் அன்ரி என்றே எழுதுகிறேன். எனக்குப் பதினாறு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வெள்ளவத்தையிலேயே வளர்ந்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் 'எனது அயலில் எனக்குப் பிடித்த இடங்கள்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் மூன்று இடங்களை எழுதினேன். முதலாவது எங்கள் பிளட்ஸின் படிக்கட்டு. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில் ஒரு யன்னல் இருக்கிறது. அதில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஒரு கீற்றுக் கடல் தெரியும். லிப்ட் இருந்தும் நான் படியில்தான் ஏறுவேன். இரண்டாவது, மரைன் டிரைவில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற சீமெந்துக் கட்டு. டியூஷன் முடிந்து நானும் சிநேகிதிகளும் அங்கே இருந்து ரோல்ஸ் சாப்பிடுவோம். பின்னேர ரயிலில் வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் எங்களுக்குக் கை காட்டுவார்கள். மூன்றாவது, எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கிற போட்டோகொப்பிக் கடை. போட்டோகொப்பி எடுக்கிற கடைக்கு ஏன் 'கொமியூனிகேஷன்' என்று போர்ட் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் புலமைப்பரிசில் வினாத்தாள்கள் கொப்பி எடுத்த காலத்திலிருந்தே அந்தக் கடை அங்கிளுக்கு என்னைத் தெரியும்.

டீச்சர் வாசித்துவிட்டு, "இதெல்லாம் இடங்களா? காலிமுகத் திடல், விகாரமகாதேவி பூங்கா என்று எழுதியிருக்கலாமே" என்று திருப்பித் தந்தார். கோபத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் சொன்னேன். "இது ஊரே பிள்ளை? இது நாங்கள் இருக்கிற இடம். ஊர் எண்டால் புங்குடுதீவு" என்றார். யாழ்ப்பாணப் பக்கத்துத் தீவான புங்குடுதீவுக்கு நான் இரண்டு தரம்தான் போயிருக்கிறேன். வடிவான இடம். ஆனால் அங்கே எனக்கு ஒரு கதவும் தெரியாது.

எங்களுக்கு முன்னால் இப்போது ஒரு புதுக் கட்டடம் எழும்புகிறது. இன்னும் இரண்டு தட்டு வந்தால் யன்னலில் தெரிகிற கடல் மறைந்துவிடும். இதற்குக் கவலைப்படுவது சின்னப்பிள்ளைத்தனமா? இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, சரித்திரமும் இல்லை. எனக்கு ஊர் எது அன்ரி?

கட்டுரையையும் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

*

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துத்தான் முதலில் வாசித்தேன். "இன்னும் இரண்டு தட்டு" என்ற இடத்தில் போனை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டடத்தின் தட்டுகளை எண்ணிக்கொண்டு ஒரு பிள்ளை தினமும் படியேறுவது எனக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகப் படவில்லை. ஆறுதலாக இருந்து பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் இரண்டு கிழமை பிந்திவிட்டது.

போர்டில் ஏன் 'கொமியூனிகேஷன்' என்று கேட்டிருக்கிறீர். அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்விக்கான பதிலில் நானும் இருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுக்கச் சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்டு நடந்தபோது எனக்கும் உம்முடைய வயதுதான், பதினாறு. சில மாதங்கள் தென்மராட்சியில் இருந்தோம். பிறகு கிளாலியில் வள்ளத்தில் கடல் கடந்து, வவுனியாவில் நாட்கணக்காகக் காத்திருந்து, கொழும்புக்கு வர அனுமதிக்கிற பாஸ் எடுத்து, நானும் அம்மாவும் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தோம். லொட்ஜில் ஒரு அறை. இரண்டு கட்டில்களுக்கு நடுவில் ஒருவர் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். அண்ணா சுவிசில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அவர் போன் எடுப்பார். எங்கே எடுப்பார்? ஒழுங்கை முனைக் கொமியூனிகேஷனுக்கு.

வீட்டில் போன் இல்லாதவர்களும், வீடே இல்லாமல் லொட்ஜ்களில் இருந்தவர்களும் வெளிநாட்டோடு கதைக்கிற கடைகள் அவை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ இருந்தன. பலகையும் கண்ணாடியும் வைத்து அடைத்த சின்னச் சின்னக் கூண்டுகள். கூண்டுக்குள் ஒரு ஸ்டூல், ஒரு போன். வெளியே மேசையில் இருக்கிறவர் நிமிடத்தைக் கணக்குப் பார்த்துக் காசு வாங்குவார். வருகிற அழைப்புக்கும் நாங்கள் காசு கொடுத்தோம். நேரத்துக்கு முன்னமே போய் வாங்கில் இருப்போம். பக்கத்தில் இருப்பவர் கனடாவுக்காகக் காத்திருப்பார், அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் ஜெர்மனிக்காக. யாருடைய போன் முதலில் அடித்தாலும் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்போம்.

எங்களுக்கு எப்படியோ மூன்றாம் கூண்டுதான் கிடைக்கும். அதன் பலகையில் ஆட்கள் பேனையால் எழுதிவிட்டுப் போன போன் நம்பர்கள், யாரோ கீறிய ஒரு பூ, முடிக்காமல் விட்ட ஒரு கூட்டல் கணக்கு. பக்கத்துக் கூண்டில் கதைக்கிறது அப்படியே கேட்கும். கலியாணம் பேசி முடிந்த செய்தி, வெளிநாடு போக ஸ்பொன்சர் சரிவராத செய்தி, செத்த வீட்டுச் செய்தி. "கேக்குதோ? நான் சொல்லுறது கேக்குதோ?" என்று ஒருவர் கத்திக்கொண்டே இருப்பார். அண்ணாவுக்குப் பிள்ளை பிறந்ததை நான் அந்தக் கூண்டில்தான் கேட்டேன். ஐயா போனதை அண்ணாவுக்குச் சொன்னதும் அங்கேதான். அன்றைக்குக் கடைக்காரர் எங்களிடம் காசு வாங்கவில்லை.

கைபேசி வந்தது, பிறகு வைபர் வந்தது, கூண்டுகளுக்கு வேலை போய்விட்டது. அந்த இடத்தில் போட்டோகொப்பி மெசின் வந்து நின்றது. போர்டை மட்டும் பல பேர் மாற்றவில்லை. நீர் இவ்வளவு காலமும் வினாத்தாள் கொப்பி எடுத்துக்கொண்டு நின்றது அப்படி ஒரு அறைக்குள். இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர். அந்த ஒரு வரியை மட்டும் உம்முடைய கடிதத்திலிருந்து எடுத்துவிடும் பிள்ளை.

சீமெந்துக் கட்டுக்கு வருகிறேன். நான் வந்த காலத்தில் மரைன் டிரைவ் எங்கள் பக்கம் இல்லை. ஒழுங்கை நேரே போய்த் தண்டவாளத்தில் முடியும். தண்டவாளத்தைத் தாண்டினால் கருங்கற்கள், அதற்கு அங்கால் கடல். இப்போது நீர் இருந்து ரோல்ஸ் சாப்பிடுகிற இடத்தில் அப்போது இருப்பதற்கு ஒன்றுமே கிடையாது. அம்மா என்னை ஒழுங்கையின் அந்த முனைக்குப் போக விடமாட்டார். அடையாள அட்டை கையில் இல்லாமல் கடைக்குக்கூடப் போகாத காலம் அது.

1996 ஜூலை 24 பின்னேரம், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைந்திருந்த ரயிலில், தெஹிவளை நிலையத்தில் குண்டு வெடித்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். தெஹிவளை எங்களுக்கு அடுத்த நிலையம். கோட்டையிலிருந்து வந்த அந்த ரயில் எங்கள் ஒழுங்கை முனையைத் தாண்டித்தான் போனது. சில நிமிடங்களுக்கு முன்னால் நான் அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். செத்தவர்களை நினைத்தும் அழுதோம், தமிழர்களான எங்களுக்கு இனி என்ன நடக்குமோ என்று பயந்தும் அழுதோம். இரண்டையும் பிரித்துச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள், பின்னேர ரயில் சத்தம் கேட்டால் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வார்.

அதே தண்டவாளத்தில், அதே நேரத்தில், வாசலில் தொங்கிக்கொண்டு போகிற முன்பின் தெரியாத ஆட்கள் உமக்குக் கை காட்டுகிறார்கள், நீரும் காட்டுகிறீர். இதை வாசித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்னொருக்கா வாசி" என்றார்.

சரி, ஊர்.

அம்மம்மா சொன்னது பிழை என்று நான் சொல்லமாட்டேன். எங்களுடைய ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் கதைக்கிறார்கள். கொழும்பில் 'இருக்கிறோம்', ஊருக்குப் 'போகிறோம்'. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தாலும் இருக்கிறோம்தான். அது பழக்கத்தில் வந்த சொல் மட்டும் இல்லை. 1983 ஜூலையில் வீடுகள் எரிந்த பிறகு, கொழும்பு முகாம்களில் இருந்த தமிழர்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்தை அதற்கு முன் பார்த்தே இராத பிள்ளைகளும் அந்தக் கப்பல்களில் போனார்கள். 2007 ஜூன் 7 விடியப்புறம், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களை எழுப்பிப் பஸ்களில் ஏற்றினார்கள். கொழும்பில் தங்க அவர்களுக்குத் தகுந்த காரணம் இல்லையாம். பல பேரை வவுனியாப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நான் அப்போது ஒரு வாடகை வீட்டில் இருந்தேன், எங்கள் கதவைத் தட்டவில்லை. ஆனாலும் ஒரு கிழமை பாயில் படுத்தும் நித்திரை கொள்ளவில்லை. உடுப்பு பாக்கோடு தலைமாட்டில் இருந்தது.

இப்படியெல்லாம் பார்த்த ஒருவருக்கு இந்த இடத்தை ஊர் என்று சொல்ல வாய் வருமா, யோசித்துப் பாரும். அம்மம்மா புங்குடுதீவைச் சொல்லும்போது, அங்கேயிருந்து தன்னை ஒருவரும் 'உன் ஊருக்குப் போ' என்று சொல்லமுடியாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் நீர் அம்மம்மா இல்லை. உமக்கு இந்தத் தெருக்களில் அந்தப் பயம் இல்லை. இல்லாமல் இருப்பதற்காகத்தான் உம்முடைய வீட்டில் எல்லோரும் பாடுபட்டார்கள். "அங்கே எனக்கு ஒரு கதவும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீரே, முழுக் கடிதத்திலும் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. அதையே திருப்பிப் போட்டுப் பாரும். வெள்ளவத்தையில் உமக்கு எத்தனை கதவு தெரியும்? எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கடையில் மிச்சக் காசுக்கு டொபி தருவார்கள், மழை பெய்தால் எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும், எல்லாம் தெரியும். நீர் வெள்ளவத்தையை என் ஊர் என்று சொல்லலாம் பிள்ளை. யாரிடமும் கேட்கத் தேவையில்லை. புங்குடுதீவையும் விடவேண்டாம். மூன்றாம் தரம் போகும்போது அம்மம்மாவோடு போய், கதவுகளை அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாரும்.

ஊர்ப் பெயரையும் ஒருமுறை பாரும். சிங்களத்தில் வெல்ல என்றால் மணல், வத்த என்றால் தோட்டம். உம்முடைய யன்னலில் தெரிகிற கீற்று, பெயருக்குள்ளேயே கொஞ்சம் இருக்கிறது.

இனிக் கட்டுரை. நீர் அனுப்பியிருக்கிறீர், ஆனபடியால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். டீச்சர் இடங்களைக் குறை சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கட்டுரையை வாசித்தபோது அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கியது. "கடலன்னை தாலாட்டும் எழில்மிகு வெள்ளவத்தை" என்று தொடங்கியிருக்கிறீர். 'மன அமைதி தரும் இடம்' என்று ஐந்து தரம் வருகிறது, நான் எண்ணினேன். கடிதத்தில் லிப்ட் இருந்தும் படியில் ஏறுகிற பிள்ளை இருக்கிறாள். கட்டுரையில் அவளைக் காணவில்லை. எதிரே எழும்புகிற கட்டடமும் இல்லை, கை காட்டுகிறவர்களும் இல்லை, ரோல்ஸும் இல்லை. டீச்சருக்கு நீர் உம்முடைய படிக்கட்டைக் காட்டவே இல்லை. கட்டுரை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எங்கேயோ பழக்கிவிட்டார்கள், அது உம்முடைய பிழையில்லை. அடுத்த முறை, கடிதம் எழுதுகிற மாதிரி எழுதிக் கொடும். பரீட்சைக்கு அந்த அலங்கார வரி வேண்டும் என்று யாராவது சொன்னால், பரீட்சைக்கு மட்டும் எழுதும்.

டீச்சர் சொன்ன காலிமுகத் திடலுக்கும் ஒருநாள் போய்ப் பாரும், அங்கே கடலோரமாக ஒரு கல் நிற்கிறது. பிரிட்டிஷ் தேசாதிபதி ஹென்றி வார்ட் அந்த நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணும்படி தனக்குப் பின்னால் வரும் தேசாதிபதிகளைக் கேட்டுக்கொண்ட வாசகம் அந்தக் கல்லில் இருக்கிறது. பெரிய பதவியில் இருந்த ஒருவருக்கு, பெண்களும் பிள்ளைகளும் கடற்காற்றில் வந்து இருக்க ஓர் இடம் வேண்டும் என்பது கல்லில் வெட்டுகிற அளவுக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்திருக்கிறது. நாலு சிநேகிதிகள் டியூஷன் முடிந்து வந்து இருக்கிற மரைன் டிரைவ் கட்டும் அதே அலுவலைத்தான் செய்கிறது. டீச்சரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாரும். அவருக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

உம்முடைய அயலில் போர்ட் இல்லாத விஷயங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையை வயதானவர்கள் இன்றும் ஹை ஸ்ட்ரீட் என்பார்கள். இப்போதைய பெயர் அந்த வீதியில் வாழ்ந்த சிங்கள நாவலாசிரியருடையது. ஹெவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கிற காணியில் முன்பு வெள்ளவத்தை நெசவாலை இருந்தது. 1933இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்த ஆலை அது. 57ஆம் ஒழுங்கையில் இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கியது, அங்கே நூலகம் இருக்கிறது. பரீட்சை முடிந்த பிறகு போகலாம், இப்போது வேண்டாம்.

யன்னலுக்கு நேரம் குறைவு. அதை முதலில் செய்யும்.

கட்டடத்தை நிறுத்த உம்மாலும் முடியாது, என்னாலும் முடியாது. அந்தத் தட்டுகளில் குடிவரப் போகிற பிள்ளைகளுக்கும் யன்னல்கள் இருக்கும், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கீற்று எத்தனை விரல் அகலம் என்று இன்றைக்கே கையை நீட்டி அளந்து எழுதும். காலையில் என்ன நிறம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்ன நிறம், சோளகம் வீசுகிற மாதங்களில் நுரை தெரிகிறதா, இரவில் மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம் அந்த இடைவெளிக்குள் வருகிறதா. ஒருநாளைக்கு மூன்று வரி போதும், திகதி போட்டு எழுதும். கடைசித் தட்டுக்கு கொங்கிறீற் போடுகிற நாளையும் எழுதும்.

இன்னுமொன்று. அம்மம்மாவுக்குப் படியேற முடியாது என்று நினைக்கிறேன். லிப்டில் நாலாம் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து அரைத் தட்டு மட்டும் கீழே இறக்கும். ஏழெட்டுப் படிதான் இருக்கும், கையைப் பிடித்துக்கொண்டால் இறங்குவார். ஒரு கதிரை போட்டு யன்னலுக்கு முன்னால் இருக்கவிடும். புங்குடுதீவில் பிறந்தவருக்குக் கடலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். அவர் என்ன சொல்கிறாரோ, அதை அவர் சொன்ன மாதிரியே எழுதி வையும். இது ஊரா இல்லையா என்று அன்றைக்குக் கேட்கவேண்டாம்.

உம்முடைய ஒழுங்கை எது என்று நீர் சொல்லவில்லை, நானும் இங்கே கேட்கமாட்டேன். அந்தக் கடை அங்கிளிடம் மட்டும் ஒன்று கேளும். பின்னுக்கு எங்கேயாவது, கடதாசிப் பெட்டிகளுக்குப் பின்னால், பழைய கூண்டுப் பலகை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. இருந்து, அதில் ஒரு பூவும் முடிக்காத ஒரு கூட்டல் கணக்கும் இருந்தால் உடனே எனக்கு எழுதும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அன்ரி